ஈரம் காயாத இடங்கள்

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஆவணி அது. சோறு கொதிக்கும் வாசனை வந்தாலே குடலைப் பிரட்டும். தார் வாசனை மட்டும் பிடித்திருந்தது. இதை வீட்டில் யாரிடம் சொல்வது? தெருவில் எங்காவது சாலை போட்டால் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பும். டாக்டரம்மா, "காத்து எந்தப் பக்கம் வீசுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னு வேலை பாரு" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படித்தான் நின்றேன். ஆனாலும் காற்று ஒரு நிமிடம் திசை மாறி அந்தக் கறுப்பு வாசனையைக் கொண்டுவந்து தரும்போது, யாருக்கும் தெரியாமல் ஒரு முறை ஆழமாக மூச்சு இழுத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் எப்போதும் தூக்கம். ஊரப்பாக்கத்தில் காலை ரயில் ஏறி உட்கார்ந்தால் தலை சாய்ந்துவிடும். கொளவாய் ஏரியின் வெளிச்சம் ஜன்னல் வழியாக முகத்தில் விழும்போதுதான் கண் திறக்கும். அடுத்தது செங்கல்பட்டு. ஸ்டேஷன் வாசலில் வேன் நிற்கும்.

சாலைகளின் தரத்தைச் சோதிக்கும் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் இன்ஜினியர். ஆய்வுக்கூடத்துக்கு அந்த வேனை ஓட்டியவர் செங்கல்பட்டு மார்க்கெட் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை முதலில் மேடம் என்றுதான் கூப்பிட்டார். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த வாரத்தில் நான் தங்கச்சி ஆகிவிட்டேன். பின்சீட்டில் ஒரு தலையணை வந்தது. அவர் மனைவி கொடுத்தனுப்பியதாம்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த சாலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரிந்து, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, ஓர் உப்பங்கழியின் கரையோரமாகவே ஓடி, கடலோரத்து ஊர் ஒன்றில் போய் முடியும். அதில் முதல் பாதிக்குப் பங்குனியில் புதுத் தார் போட்டிருந்தார்கள். கோடை மழை நாலைந்து பெய்ததும் மேல்பரப்பில் ஜல்லி பெயர்ந்து, குண்டும் குழியுமாகிவிட்டது. மீதிப் பாதியை ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். போட்டது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் மீதியைப் போடக் கூடாது என்று மேலே முடிவாகி, வேலை என்னிடம் வந்தது.

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அச்சரப்பாக்கம் பக்கம் விவசாயக் குடும்பம், என் வயதுதான் இருக்கும். வெயிலில் நிறம் மங்கிய தொப்பி ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். கலவை சரியான கலவை, ஆட்கள் பழகின ஆட்கள், குற்றம் சாலையில் இல்லை என்பது அவர் கட்சி.

"இன்னா மேடம், கடல் காத்து முழுக்க உப்பு கீது. இரும்பையே அரிச்சிப்புடுது, தார் இன்னா பண்ணும்?"

பாய் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி. மண்ணு லாரி ஓடுது. அவன் ஏத்திகினு வர்ற லோடுக்குக் கருங்கல்லு போட்டாலும் தாங்காது."

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. ஜல்லியில் தார் சரியாக ஒட்டவில்லை, இடையில் தண்ணீர் புகுந்து பிரித்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்த மாத்திரத்தில் தோன்றியது அதுதான். பெயர்ந்து கிடந்த ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டு போய், தார் பூசிய கற்களாகவே வெந்நீரில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பிடிப்பு இல்லாத தார் என்றால் கொதிக்கும்போது கழன்று, கல் வெள்ளை காட்டும். அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் கறுப்பு மாறாமல் பளபளவென்று கிடந்தது. தார் நல்ல தார். என் காரணம்தான் கழன்று போனது.

அதற்கு அடுத்த சில நாட்கள் சும்மா அந்தச் சாலையில் போவதும் வருவதுமாக இருந்தேன். வேலை செய்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது. உப்பங்கழியில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நாரைகள் ஒற்றைக்காலில் நின்றபடி எங்கள் வேனைப் பார்க்கும். சவுக்குத் தோப்பின் உள்ளே காற்று போகும் சத்தம், கடல் சத்தம் மாதிரியே இருக்கும். எது தோப்பு எது கடல் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பிரிக்க முடியாது.

ஒரு மாலை திரும்பும்போது தலையணையில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். பாதித் தூக்கத்தில், கட்டிவைத்த படகுகள் அலையில் ஒன்றையொன்று லேசாக இடித்துக்கொள்வது போல ஒரு கனவு. தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொப். அப்போது வயிற்றுக்குள்ளே ஏதோ ஒன்று, ஒரு சின்ன மீன் வாலைத் திருப்பினது போல அசைந்தது. விழித்துவிட்டேன். அதுவரை எனக்கு அசைவு தெரிந்ததில்லை. இதுதானா, இல்லை வேன் தூக்கிப் போட்டதா? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் வருமா என்று காத்திருந்தேன்.

வந்தது சாலைதான். தொப். பிறகு வழவழவென்று ஓட்டம். இந்நேரம் அடுத்தது வரும் என்று மனசு சொன்னபோது, தொப். அடுத்ததும் மனசு சொன்ன இடத்திலேயே வந்தது. எழுந்து நேராக உட்கார்ந்துவிட்டேன். உப்போ லாரியோ ஒரு சாலையைக் கெடுத்தால் அது இஷ்டத்துக்குக் கெடும். இப்படித் தாளம் போட்டுக்கொண்டு கெடாது.

"பாய், வண்டியத் திருப்புங்க. ஆரம்பத்துலேர்ந்து இதே ஸ்பீடுல வாங்க."

"இன்னா தங்கச்சி, எதுனா வுட்டுட்டு வந்துட்டியா?"

"சத்தத்த கவனிக்காம வுட்டுட்டேன் பாய். எங்கெல்லாம் தூக்கிப் போடுதோ அங்கெல்லாம் ஹார்ன் அடிங்க."

அவர் கண்ணாடியில் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மசக்கைக்காரி ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். மறுபேச்சு பேசாமல் திருப்பினார். அந்தி வெயிலில் ஆளில்லாத சாலையில், ஒரே சீராக ஹார்ன் அடித்துக்கொண்டு எங்கள் வேன் போனது. தோப்பிலிருந்து காக்கைகள் கிளம்பின. சைக்கிளில் வந்த ஒருவர் ஒதுங்கி இறங்கி நின்று, எங்களைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சாலை முடிவதற்குள் பாய்க்கே விளங்கிவிட்டது. கடைசி நாலைந்து இடங்களில் வேன் தூக்கிப் போடுவதற்கு முன்னாலேயே ஹார்ன் அடித்தார்.

"கரெக்டா வருது பாரேன்" என்றார், தாழ்ந்த குரலில். 

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்து, சாலையிலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நான் இறங்கி நடந்தேன். முழுச் சாலையும் நனைந்து கன்னங்கரேலென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லா இடமும் காயவில்லை. அங்கங்கே ஈரம் தங்கி நின்றது. நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் விரிந்து, ஒரு பெரிய பறவை இறக்கையை விரித்துச் சாலையில் படுத்து எழுந்துபோன தடம் போல இருந்தது. அதைத் தாண்டினால் காய்ந்த சாலை. பிறகு இன்னொரு பறவை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை, ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரே இடைவெளியில் அந்த ஈர இறக்கைகள் கடலை நோக்கிப் போயின.

அவ்வளவு அழகாக ஒரு குறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் அழிந்துவிடும் என்ற அவசரத்தில் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "உடனே வாங்க, ஈரம் காயறதுக்குள்ள வாங்க" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, பைக்கை விரட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வண்டியை நிறுத்தக்கூட மறந்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே பார்த்தார்.

"இன்னா மேடம் இது, கோலம் போட்ட மாதிரி கீது?"

"உங்க டிப்பர் லாரி போட்ட கோலம். ஒரு லோடு முடிஞ்சி அடுத்த லோடு ஆரம்பிக்கிற இடம் ஒவ்வொண்ணும்."

அவர் நம்பவில்லை. ஈரம் இருந்த இடத்தில் ஒன்றும், காய்ந்த இடத்தில் ஒன்றுமாகச் சாலையைத் துளைத்து உருளைத் துண்டு எடுத்தோம். காய்ந்த இடத்துத் துண்டு அம்மிக் குழவி போல முழுசாக வந்தது. ஈர இடத்துத் துண்டு கையில் எடுக்கும்போதே பாகு பத்தாத பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தது. உள்ளே பெரிய ஜல்லி மட்டும்தான். ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே அடைத்திருக்க வேண்டிய பொடி இல்லை, வெறும் பொந்து. அந்தப் பொந்தில்தான் மழைத்தண்ணீர் போய் உட்கார்ந்திருந்தது.

இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "ரெண்டும் ஒரே லாரியில வந்ததா?"

"ஒரே லாரிதான். இது நடுவுல இருந்தது, அது கடைசியில விழுந்தது."

சாலையோரம் சவுக்கு நிழலில் உட்கார்ந்து பேசினோம். கலவை தயாராகும் இடம் கடலை விட்டு உள்ளே தள்ளி, வெகுதூரத்தில். அங்கே டிப்பரில் ஒரே குவியலாகக் கொட்டுகிறார்கள். குவியலின் சரிவில் பெரிய ஜல்லி உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். மேலே தார்ப்பாய் மூடாமல் வருகிற லாரி, மாமல்லபுரத்துச் சுற்றுலா நெரிசலில் சிக்கி நிற்கும்போது மேல் கலவை ஆறி ஏடு கட்டும். இங்கே வந்து, சாலை விரிக்கும் பேவர் இயந்திரத்தின் தொட்டியில் கொட்டும்போது, ஆறிய கலவையும் பெரிய ஜல்லியும் கடைசியாக விழும். தொட்டியின் ஓரங்களில் தங்குவதையும், லோடு முடியும்போதெல்லாம் ஆட்கள் ஓரத்தகடுகளை மடக்கி நடுவில் தள்ளிவிடுவார்கள். அடுத்த லாரி வரும் வரை பேவர் நிற்கும். அதற்குள் கடல்காற்று வந்து, விரித்த தாரை மேலும் ஆற வைக்கும். ஆறிய தார் எத்தனை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. மேலே பார்க்க எல்லாம் ஒரே கறுப்புதான். மழை வந்துதான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ லாரி மாறும்போதெல்லாம் நாமளே ஒரு பள்ளத்த போட்டு மூடி வெச்சிகினு போயிருக்கோம்."

அதை அவ்வளவு சுருக்கமாக என் அறிக்கையில்கூட நான் எழுதவில்லை. அதன்பிறகு அவர் என்னிடம் முகம் திருப்பவில்லை. புரிந்துவிட்டால் அவருக்கு ஆத்திரம் வேலை மேல் திரும்பிவிடும், ஆள் மேல் இருக்காது. மறுநாளே கலவை போடும் இடத்துக்கு அவரே போனார். முன்னால் ஒரு குவியல், பின்னால் ஒரு குவியல், கடைசியில் நடுவில் என்று மூன்றாகப் பிரித்துக் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு டிப்பருக்கும் தார்ப்பாய் வாங்க வைத்தார். தொட்டி காலியாக விடுவதில்லை, ஓரத்தை மடக்குவதில்லை, வேகமாக ஓட்டிவிட்டு நிற்பதைவிட மெல்ல ஓட்டி நிற்காமல் போவது என்று முடிவு செய்தோம். "பேவர் நிக்கக் கூடாது" என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஆட்கள் என்னைப் பார்த்ததும், "நிக்கக் கூடாது மேடம், தெரியும்" என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

புரட்டாசியில் மீதிப் பாதியைத் தொடங்கினோம். ஆய்வுக்கூடத்திலிருந்து வெப்பம் காட்டும் கேமரா ஒன்று வந்திருந்தது. நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம் குடை பிடித்து, பாய் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் திரை வழியாகச் சாலையைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற தார் அதில் மஞ்சளாகத் தெரியும். ஆறின இடம் ஊதா. பேவருக்குப் பின்னால் மஞ்சள் துணி ஒன்று சுருக்கமே இல்லாமல் விரிந்துகொண்டே வந்தது. ரோலர்காரர் கருநீல உருவமாக, ஒரு மஞ்சள் ஆற்றின் மேல் போவதும் வருவதுமாக இருந்தார். லாரி மாறியது. நான் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஊதா வரவில்லை. இன்னொரு லாரி. வரவில்லை. இயந்திரச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. எனக்கு உள்ளேயும் ஒன்று, நிதானமாகப் புரண்டு படுத்தது. இந்தத் தடவை சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, ஊரை நெருங்கிவிட்டோம். அன்று காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தது கேட்டது. பாய் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஊரில் ஒருவர் தவறிவிட்டார், மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று சொன்னார். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர, மனதில் ஏறவில்லை. உச்சி வேளை தாண்டியதும் பள்ளிவாசலிலிருந்து ஒருவர் வந்து, மரியாதையாகத் தள்ளி நின்றார்.

"ஜனாஸா எடுத்துட்டாங்க. கபர்ஸ்தான் அந்தாண்ட, தோப்புக்குப் பின்னாடி. ரோட்டத் தாண்டித்தான் போவணும். எப்ப வழி கிடைக்கும்?"

பேவர் தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கால் வைக்க முடியாத கொதிக்கும் தார். முன்னால், பழைய சாலையின் மேல், புதுத்தார் ஒட்டுவதற்காக அப்போதுதான் தெளித்திருந்த பசைத் தார். வரிசையில் இரண்டு டிப்பர்கள் தார்ப்பாய் மூடி நின்றன. நான் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. டிப்பர்களைப் பார்த்தேன். உள்ளே இருப்பது எவ்வளவு நேரம் சூடு தாங்கும், தெருமுனையைத் தாண்டிவிட்டால் என்ன, சுற்றிப் போக வேறு வழி உண்டா என்று மனம் கணக்குப் போட்டது.

அதற்குள் சூப்பர்வைசர் கையைத் தூக்கிவிட்டார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணு!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நிக்கக் கூடாதுனு நீங்கதான் சொன்னீங்க. சாவு போவுது. எப்டிங்க மிஷின ஓட்றது? நிக்கறோம். எப்டி நிக்கணும்னு சொல்லுங்க."

அந்தக் கேள்வி என்னை உலுக்கி எழுப்பியது. நிற்பதால் சாலை கெடுவதில்லை. அரைகுறையாக நின்று, ஆறினதன் மேலேயே மறுபடி ஓட்டிக்கொண்டு போவதால்தான் கெடும். எழுந்து போய்ச் சொன்னேன். தொட்டியில் இருப்பதை மட்டும் மெல்ல விரித்து முடித்து, பேவரைத் தள்ளி நிறுத்தினார்கள். ரோலர் கடைசி விளிம்பு வரை வந்து அழுத்தியது. கலவை தீரத் தீர மெலிந்துபோன நுனியை நேர்கோட்டில் வெட்டி எடுத்தார்கள். முழுக் கனமுள்ள இடம் மட்டும், சுவர் போலச் செங்குத்தாக நின்றது. இன்னொரு பக்கம் சூப்பர்வைசர் ஆட்களோடு சேர்ந்து, தெளித்த பசைத் தாரின் மேல் கூடை கூடையாகக் கல்பொடியைக் கொட்டிப் பரப்பினார்.

"செருப்பு ஒட்டக் கூடாது, நல்லா தூவு. காலில்லாம வர்ற ஆளுங்களும் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "செருப்பில்லாமனு சொல்ல வந்தேன்."

எல்லா இயந்திரமும் ஓய்ந்ததும் கடல் சத்தம் கேட்டது. அத்தனை நாளும் கடலுக்கு அவ்வளவு பக்கத்திலா இருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. தெருவிலிருந்து அவர்கள் வந்தார்கள். முன்னால் தோளில் சந்தூக் பெட்டி, மேலே பச்சைத் துணி. தாழ்ந்த குரலில் கலிமா சொல்லிக்கொண்டே, தோள் மாற்றி மாற்றி வந்தார்கள். பாய் எப்போது போனார் என்று தெரியவில்லை. எங்கள் தண்ணீர் டிரம்மில் கை கால் முகம் கழுவிக்கொண்டு, கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு போய், ஒரு முனைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். இறந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் மண்வெட்டியையும் கரண்டியையும் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். கல்பொடி தூவிய அந்தச் சாம்பல் பட்டையின் மேல் வெள்ளைச் சட்டைகள் கடந்துபோயின. சூடான தாரிலிருந்து எழுந்த அனலில் அவர்கள் உருவம் லேசாக அலைந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் மறைந்துவிட்டார்கள்.

பெண்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அவர்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு பெண் மட்டும் வெட்டிவிட்ட தார் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றாள். துப்பட்டாவின் மேலேயே கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சிறுசேரியில் ராத்திரி ஷிப்டில் இருந்தபோது தகவல் வந்து, அப்படியே வாடகைக் காரில் வந்தவள் என்று பிறகு சொன்னாள். அட்டையைக் கழற்ற இன்னும் தோன்றவில்லை போலும்.

"மேல நடக்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் சூடு ஆறல. கொஞ்ச நேரம் போகட்டும்."

அவள் குனிந்து, தொடாமல், அந்தத் தாரின் மேல் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். அனல் படும் வரை இறக்கி, அங்கேயே வைத்திருந்தாள்.

"நேத்து சாயந்தரம் எங்க அத்தா இங்க வந்தாராம். புதுச் செருப்பு. தார் ஒட்டிக்கிச்சுனு வீட்ல வந்து ஒரே சத்தமாம். உங்க ஆளுங்களையெல்லாம் திட்டினாராம்." சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தைய நாள் அவள் அப்பா போல யாராவது பெரியவர் வந்து நின்றாரா, திட்டினாரா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். முகம் எதுவும் வரவில்லை. நான் அப்போது திரையில் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

என் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்றாள். கடைசியில் இரண்டு பேருமே நின்றோம். குடை ஒன்றுதான் இருந்தது.

அடக்கம் முடித்து அவர்கள் திரும்பி வந்த பிறகு எங்கள் ஆட்கள் கல்பொடியைக் கூட்டி, காற்றடித்து, பசைத் தாரை மறுபடி தெளித்தார்கள். செங்குத்தாக வெட்டிய முகத்திலும் சூடான தாரைப் பூசினார்கள். டிப்பரின் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். சூடு போதுமானதாக இருந்தது. சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்ததும் ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, பேவர்க்காரருக்குக் கை காட்டினார். பாய் வேனுக்குத் திரும்பும்போது அவர் செருப்பு இரண்டிலும் தார். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஒட்டி ஒட்டி விட்டது.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் விட்டு விட்டு நல்ல மழை. நான் விடுப்பில், ஊரப்பாக்கம் வீட்டு ஜன்னலருகே படுத்திருப்பேன். மழை விட்ட காலைகளில் சூப்பர்வைசர் போனில் வீடியோ அனுப்புவார். பைக்கை மெல்ல ஓட்டிக்கொண்டே எடுத்தது. பேச்சு இருக்காது, காற்றுச் சத்தம் மட்டும். சாலை ஒரே சீராகக் காய்ந்துகொண்டு வரும். ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது கீழே மண் அமுங்கியதால் வந்தது, தனியாகச் சரி செய்தார்கள். தெருமுனையில் சாலைக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு தெரியும். அங்கே தண்ணீர் நிற்கவில்லை. பழைய பாதியைத் தையில் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகவே போட்டார்கள். மார்கழியில் எனக்குப் பெண் பிறந்தாள்.

நான் வேலைக்குத் திரும்பியது சித்திரையில். அந்தச் சாலையில் எனக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. மாமல்லபுரம் பக்கம் வேறு எதற்கோ போயிருந்தோம். பாய் கேட்காமலே வேனை அந்தப் பக்கம் திருப்பினார். ஊருக்குக் கொஞ்சம் முன்னால், சாலையின் பாதி அகலத்துக்கு, வெள்ளி கொட்டினது போல ஏதோ மின்னியது. பக்கத்தில் போனால் நெத்திலி. மீன்காரப் பெண்கள் வெயிலில் காய வைத்திருந்தார்கள். குந்தியிருந்த ஒரு அம்மா எழுந்து கையை ஆட்டினார்.

"அந்தாண்ட ஒதுங்கிப் போ நைனா, மீன ஏத்திடப் போற."

பாய் வேனை ஓரம் கட்டினார். நான் இறங்கிப் போய், ஏன் இங்கே காய வைக்கிறீர்கள், மணலில் காய வைக்கலாமே என்று கேட்டேன்.

"மணல்ல போட்டா மண்ணு ஒட்டும். முன்ன ரோடு சொரசொரனு கெடந்துச்சி, இடுக்குல பூந்துக்கும். இப்ப நல்லா கீது" என்றார் அவர். துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினார். நெத்திலியெல்லாம் ஒன்றுகூடத் தங்காமல் சரசரவென்று நகர்ந்து, வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டன.